கட்டுமுன் ஒருமுறை கட்டிப் பார்ப்போம்

(சின்னமனூரில் கட்டடப் பொறியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் கட்டடத் தொழிலாளரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மேகமலையின் அடிவாரத்தில், முல்லையாற்றின் நீர் பாய்ந்து நெல்லும் வாழையும் செழித்து நிற்கும் இந்தப் புண்ணிய பூமியில், பூலாநந்தீசுவரர் சந்நிதிக்கு அணித்தாக நின்று கட்டடக் கலையைப் பற்றிப் பேசும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. நான் இன்று எடுத்துக்கொண்ட விஷயம், 'பிம்' என்று இப்போது எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் கட்டடத் தகவல் மாதிரி என்னும் முறையை நம்முடைய தொழில் ஸ்தாபனங்கள் எவ்வாறு கைக்கொள்வது என்பதாகும். பெயரைக் கேட்டதும் இது ஏதோ பட்டணத்துப் பெரிய கம்பெனிகளின் சமாசாரம் என்று எண்ணிவிட வேண்டாம். இதன் தாத்பரியம் இந்த ஊருக்குப் புதியதன்று.

சின்னமனூர் என்றவுடன் சரித்திரம் படித்தவர்களுக்கு நினைவு வருவது எது? பாண்டியர் செப்பேடுகள். மகாபாரதத்தைத் தமிழாக்கிய செய்தியையும் மதுரையிலே சங்கம் வைத்த செய்தியையும் தாங்கி நிற்கும் அந்தச் செப்பேடுகளால் இவ்வூரின் பெயர் தமிழ் உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. அக்காலத்து அரசர்கள் ஒரு நிலத்தைத் தானம் செய்தால், வாயால் சொல்லி விட்டுவிடவில்லை. பெண் யானையை நடத்தி எல்லை வகுத்து, கிழக்கே எது, தெற்கே எது, மேற்கே எது, வடக்கே எது என்று நான்கு எல்லைகளையும் நிர்ணயித்து, அழியாத செம்பிலே பொறித்து வைத்தார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள்? கொடுத்தவன் ஒரு கணக்கும், வாங்கியவன் ஒரு கணக்கும், பக்கத்து நிலத்துக்காரன் மற்றொரு கணக்கும் வைத்துக்கொண்டால் வழக்கு வரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஆதாரம் இருக்க வேண்டும் என்று கருதினார்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஆதாரம்! நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவே. நிலத்துக்கு அன்று செப்பேடு இருந்தது; இன்று நாம் கட்டும் கட்டடத்துக்கு அப்படி ஒன்று இருக்கிறதா?

என் அநுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்யாண மண்டபம் கட்டும் வேலையில் நானும் இருந்தேன். பிளான் போட்டவர் ஓர் ஊரில் இருந்தார். பீமுக்கும் தூணுக்கும் கம்பிக் கணக்குப் போட்டவர் வேறோர் ஊரில் இருந்தார். குழாய் வேலை பார்த்தவரோ வரைபடம் எதுவும் வைத்திருக்கவில்லை. அவருடைய வரைபடம் அவருடைய நெஞ்சிலே இருந்தது. மாடியிலே பந்தி மண்டபம். அதன் ஓரத்தில் கை கழுவும் இடம். அங்கிருந்து கழிவு நீர் 4 அங்குலக் குழாயில் 20 அடி ஓடிக் கீழே இறங்க வேண்டும். நாற்பதுக்கு ஒன்று என்று சாய்வு கொடுத்தால் அந்த 20 அடிக்குள் குழாய் 6 அங்குலம் தாழ வேண்டும். தாழ்ந்து வந்த குழாய் நேரே ஒரு பீமின் வயிற்றில் போய் முட்டிற்று. மண்டபத்துக்கு முகூர்த்தத் தேதி கொடுத்தாகிவிட்டது. குழாய்க்காரர் என்ன செய்தார்? யாரையும் கேளாமல் பீமைக் குடைந்தார். குடைந்த இடத்தில் குறுக்கே வந்த இரண்டு கம்பிகளையும் அறுத்துவிட்டார்.

மறுநாள் அதைக் கண்டபோது எங்கள் நெஞ்சு பதைத்தது. முட்டுக் கொடுத்து, அந்தப் பீமைப் பலப்படுத்தி, குழாயை வேறு வழியாகத் திருப்பி விடுவதற்குள் நாளும் போயிற்று, பணமும் போயிற்று, ஒருவருக்கொருவர் இருந்த நல்லெண்ணமும் போயிற்று. இதில் குற்றவாளி யார்? பிளான் தவறா? பிளான் சரியாகவே இருந்தது. கம்பிக் கணக்குத் தவறா? அதுவும் சரியாகவே இருந்தது. குழாயின் சாய்வாவது தவறா? சாஸ்திரப்படி சரியான சாய்வு அது. ஒவ்வொரு தாளும் தனித்தனியே சரியாக இருந்தும், எல்லாத் தாள்களும் ஒன்று கூடியபோது கட்டடம் தவறாகிவிட்டது. தாள்கள் சந்தித்துக் கொள்வதற்கு ஓர் இடம் இல்லாமற் போனதுதான் குற்றம். அவை முதன்முதலாகச் சந்தித்த இடம் சுவர். அங்கே சந்தித்தால் உடைத்துத்தானே தீர வேண்டும்?

அன்று முதல் நான் சொல்லி வருவது இது: மோத வேண்டியவை திரையிலே மோதட்டும், சுவரிலே மோத வேண்டாம்.

பிம் என்பது என்ன? கட்டடத்தைக் கோடுகளால் வரைவதை விட்டு, கணினியிலே ஒரு முறை முழுவதும் கட்டிப் பார்ப்பது. தாளிலே சுவர் என்பது இரண்டு கோடு. இந்த மாதிரியிலே சுவர் என்பது சுவர்தான். அதற்கு நீளம் உண்டு, உயரம் உண்டு, கனம் உண்டு. செங்கல்லா, ஹாலோ பிளாக்கா என்ற விவரமும் உண்டு. எத்தனை கன அடி என்ற கணக்கும் அதனுள்ளேயே உண்டு. கதவு ஒன்றை வைத்தால் அது எந்தச் சுவரில் நிற்கிறது என்பது அந்தக் கதவுக்குத் தெரியும். சுவரை நகர்த்தினால் கதவும் உடன் நகரும்.

இதன் பிரயோஜனத்தைச் சிந்தித்துப் பாருங்கள். வீட்டுக்காரர் வந்து, வாசல் கதவை மூன்றடியிலிருந்து மூன்றரை அடியாக்க வேண்டும் என்கிறார். பழைய முறையில் பிளானில் மாற்ற வேண்டும். எலிவேஷனில் மாற்ற வேண்டும். செக்ஷனில் மாற்ற வேண்டும். கதவு ஜன்னல் பட்டியலில் மாற்ற வேண்டும். எஸ்டிமேட்டில் மாற்ற வேண்டும். ஐந்து இடத்தில் நான்கை மாற்றி ஒன்றை மறந்தால், மறந்த அந்த ஒன்றுதான் தச்சுப் பட்டறைக்குப் போய்ச் சேரும்! மாதிரியிலோ ஓரிடத்தில் மாற்றினால் போதும். அதிலிருந்து பிறக்கும் அத்தனை படங்களும் பட்டியல்களும் தாமே மாறிக்கொள்ளும்.

நம்முடைய பள்ளத்தாக்கில் இதற்கு உவமை தேட வேண்டியதில்லை. பெரியாற்று நீர் மலையைக் கடந்து வந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, 14,707 ஏக்கர் நெல் வயலுக்குப் பாய்கிறது. வாய்க்கால் பல, ஊற்று ஒன்று. மேலே மதகைத் திறந்தால் கீழே எல்லா மடைகளுக்கும் நீர் வருகிறது. ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியே ஓர் அணை கட்டிக் கொள்வதில்லை. ஆனால் கட்டடத் தொழிலில் நாம் என்ன செய்கிறோம்? பொறியாளருக்கு ஒரு கணக்கு, ஒப்பந்தக்காரருக்கு ஒரு கணக்கு, மின்சாரக்காரருக்கு ஒரு கணக்கு என்று ஆளுக்கோர் அணை கட்டிக்கொண்டு, கடைமடை காய்கிறதே என்று வருந்துகிறோம்.

இந்த எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் சார்லஸ் ஈஸ்ட்மன் என்ற பேராசிரியர் 1975-ஆம் ஆண்டிலேயே, வரைபடங்களுக்குப் பதிலாகக் கட்டடத்தின் முழு விவரத்தையும் கணினியில் வைத்து, அதிலிருந்து வேண்டிய படங்களை எடுத்துக் கொள்ளலாம் என்று எழுதினார். 1980-களில் ஹங்கேரி நாட்டிலே ஆர்ச்சிகேட் என்ற மென்பொருள் பிறந்தது. 2000-ஆம் ஆண்டில் ரெவிட் வெளிவந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் 2011-இல் அறிவித்து, 2016 ஏப்ரல் முதல், மத்திய அரசுத் துறைகளின் கட்டுமானங்களுக்கு இம்முறையைக் கட்டாயமாக்கிற்று. 2018-இல் ஐ.எஸ்.ஓ. 19650 என்ற சர்வதேசத் தரமும் வகுக்கப்பட்டது.

சிங்கப்பூரின் உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. தமிழர் வியர்வை சிந்திக் கட்டிய நகரம் அது. அந்த அரசாங்கம் எல்லோரும் நாளை முதல் மாறுங்கள் என்று உத்தரவிடவில்லை. 2013-இல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கட்டடங்களின் கட்டடக்கலைப் படங்களை மட்டும் இந்த முறையில் கேட்டது. 2014-இல் அவற்றின் பொறியியல் படங்களையும் கேட்டது. 2015-இல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்கள் அனைத்துக்கும் விதியை விரித்தது. படிப்படியாக ஏறினார்கள், ஏறிய படியிலிருந்து இறங்கவில்லை.

நம் பாரத தேசத்திலோ, நாகபுரி மெட்ரோ ரயில் திட்டம் ஐந்து பரிமாண பிம் என்ற முறையைக் கைக்கொண்டு வேலை செய்தது. நீளம், அகலம், உயரம் என்பவை மூன்று. எந்த நாளில் எந்தப் பகுதி எழும்ப வேண்டும் என்ற காலக் கணக்கு நான்காவது. அதற்கு எவ்வளவு செலவாகும் என்ற பணக் கணக்கு ஐந்தாவது. தூணும் தேதியும் ரூபாயும் ஒரே மாதிரிக்குள் இருந்தால், எங்கே வேலை பிந்துகிறது, எங்கே செலவு மிஞ்சுகிறது என்பது உடனுக்குடன் தெரியும்.

அன்பர்களே, இவற்றையெல்லாம்விட என் உள்ளத்தை உருக்கும் விஷயம் ஒன்று உண்டு. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் எத்தனையோ அலுவலகங்களில் நம் பிள்ளைகள் உட்கார்ந்து, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழும்பப் போகும் ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இந்த மாதிரிகளைச் செய்து அனுப்புகிறார்கள். தேனியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் போன பிள்ளைகளும் அவர்களுள் இருக்கலாம். கடல் கடந்த ஒரு நகரத்தில் குழாய் பீமில் முட்டாதபடி இங்கிருந்தே பார்த்துச் சொல்லும் கைகள் நம்முடைய கைகள். ஆனால் அந்தப் பிள்ளை பொங்கலுக்கு ஊர் வந்து பார்த்தால், தன் தகப்பனார் கட்டும் வீட்டில், பூசி முடித்த சுவரைக் கொத்தி ஒயர் பதித்துக்கொண்டிருக்கிறார்கள். கையில் இருக்கும் வித்தை வீட்டுக்கு உதவ வேண்டாமா? ஊருக்கு உதவ வேண்டாமா?

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன். ஆட்சேபம் சொல்லுகிறவர்கள் விரோதிகள் அல்லர். தொழிலின் நஷ்டத்தைத் தோளில் சுமப்பவர்கள் அவர்களே. ஆகையால் மரியாதையோடு விடை சொல்ல வேண்டும்.

முதல் ஆட்சேபம், மென்பொருளுக்குப் பணம் எங்கே என்பது. பெரிய கம்பெனிகளின் மென்பொருள் விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் ஃப்ரீகேட் என்ற மென்பொருளை எவரும் இலவசமாக இறக்கிக் கொள்ளலாம். கட்டட மாதிரி செய்யும் பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு மென்பொருளில் செய்த மாதிரியை மற்றொன்றில் திறப்பதற்கு ஐ.எஃப்.சி. என்ற பொதுவான கோப்பு வடிவமும் உண்டு. சிறிய வேலையில் கற்றுக்கொண்டு, பலன் கண்ட பிறகு விலை கொடுத்து வாங்கலாம்.

இரண்டாவது ஆட்சேபம், நேரம் அதிகம் பிடிக்கும் என்பது. ஆம், பிடிக்கும், நான் மறைக்க மாட்டேன். முதல் வேலையில் பழைய முறையைவிட அதிக நாள் ஆகும், வரைபவர் முணுமுணுப்பார், முதலாளி கவலைப்படுவார். ஆனால் நேரத்தை எங்கே செலவிடுகிறோம் என்று பாருங்கள். வாணம் தோண்டுவதற்கு முன்பு ஒரு கோட்டை நகர்த்த ஒரு நிமிஷம். கான்கிரீட் போட்ட பிறகு அதே கோட்டை நகர்த்த எத்தனை நாள்? எத்தனை கூலி? எத்தனை மனஸ்தாபம்? பின்னால் கொடுக்கும் பத்து நாளை முன்னால் கொடுக்கும் இரண்டு நாளால் மீட்டுக்கொள்ள முடியுமானால், விவேகி எதைத் தேர்ந்தெடுப்பான்?

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. எங்கள் மேஸ்திரி ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடித்தவர். அவருக்குக் கணினி என்ன தெரியும் என்கிறார்கள். நான் சொல்லுகிறேன்: இந்த மாதிரி யாருக்கேனும் எளிதில் விளங்குமானால், அது மேஸ்திரிக்குத்தான் விளங்கும். இரண்டு கோட்டைப் பார்த்துச் சுவர் என்று ஊகிக்கும் சிரமம் அவருக்கு இல்லாமற் போகிறது. கைப்பேசியில் கட்டடத்தைத் திருப்பிக் காட்டினால், இந்தப் படிக்கட்டின் மேல் தலை இடிக்குமே, இந்தச் சன்ஷேடுக்கு மேலே சாரம் எப்படிக் கட்டுவது என்று உடனே கேட்பார். நாற்பது வருஷ அநுபவம் உள்ள அந்தக் கேள்வியை எந்தக் கணினியும் கேட்காது. அந்தக் கேள்வி கட்டுமுன் வர வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பிரயாசையும்.

அப்படியானால் நம் ஊர் ஸ்தாபனம் ஒன்று இதை எப்படித் தொடங்குவது?

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளதில் பெரிய வேலையும் வேண்டாம், அவசர வேலையும் வேண்டாம். இரண்டு மாடி வீடோ, ஒரு சிறிய மருத்துவமனையோ போதும். வீட்டுக்காரர் பொறுமைசாலியாக இருப்பது உத்தமம்.

மாதிரிக்கு ஒருவரைக் காவலராக நியமியுங்கள். யார் என்ன மாற்றம் சொன்னாலும் அது அவர் வழியாகவே மாதிரிக்குள் போக வேண்டும். பழைய நாளில் ஊர் நிலக் கணக்குக்கு ஒரு கணக்குப்பிள்ளை இருந்தது போல, மாதிரிக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தே தீர வேண்டும். பத்துப் பேர் திருத்தும் கணக்கு ஒருவருக்கும் உதவாது.

எவ்வளவு விவரம் வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். இந்தத் துறையில் விவரத்தின் நிலையை 100 முதல் 500 வரை எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள். 100 என்பது வெறும் உருவம். 300 என்பது சரியான அளவுகளோடு கூடியது. 500 என்பது கட்டி முடித்தது எப்படியோ அப்படியே பதிந்தது. சாதாரண வீட்டுக்கு ஒவ்வொரு ஆணியையும் மாதிரியில் வைக்க வேண்டியதில்லை. பீமும், தூணும், சுவரும், படியும், குழாயும், ஒயர் போகும் வழியும் சரியாக இருந்தாலே பெரும்பாலான மோதல்கள் தீர்ந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒரு முறை எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் நம் நாட்டுக் கட்டுமானங்கள் இரண்டை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட கட்டுரையின் கருத்தும் இதற்கு இசைவானதே. சம்பந்தப்பட்டவர்கள் கூடிப் பேசித் திட்டமிடும் பழக்கம் இருந்தால் பிம் வேரூன்றுவதற்கு அது பெருந்துணையாகும் என்பது அதில் விளங்குகிறது. பழக்கம் இல்லாத இடத்தில் மென்பொருள் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் மென்பொருள் வாங்கினார்கள். வீட்டுக்காரரின் கண்ணைக் கவரும் அழகான படங்களை அதில் செய்தார்கள். ஆனால் கட்டுவதற்கான படங்களைப் பழையபடி தனியே வரைந்தார்கள். மாதிரி ஒன்று சொல்லிற்று, தாள் வேறொன்று சொல்லிற்று, கட்டடம் மூன்றாவது ஒன்றாக எழும்பிற்று. சித்திரம் வாங்கினார்கள்; ஆதாரம் வாங்கவில்லை.

ஆகவே இதையும் மறவாதீர்கள்: வேலைத்தளத்தில் செய்த மாற்றம் அன்றைக்கே மாதிரிக்குத் திரும்பி வர வேண்டும். ஜன்னலை அரை அடி தள்ளி வைத்தீர்களா? மாதிரியில் தள்ளுங்கள். குழாயை வேறு பக்கம் திருப்பினீர்களா? மாதிரியில் திருப்புங்கள். அப்படிச் செய்தால், இருபது ஆண்டு கழித்து அந்த வீட்டில் நீர்க் கசிவு வரும்போது, குழாய் எங்கே ஓடுகிறது என்று தேடிச் சுவரெல்லாம் உடைக்க வேண்டியிராது. மாதிரியைத் திறந்தால் போதும். நம் பேரப் பிள்ளைகளுக்கு நாம் எழுதி வைக்கும் செப்பேடு அது.

பெரியோர்களே, நாம் குடிக்கும் நீரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மேற்கே கடலுக்கு ஓடிய பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே இந்தப் பள்ளத்தாக்குக்குத் திருப்பி விடுவது என்ற காரியத்தை, 1887-இல் தொடங்கி 1895-இல் பொறியாளர் கர்னல் பென்னிகுயிக் முடித்தார். காடும் காய்ச்சலும் வெள்ளமும் அவரையும் அவரோடு உழைத்த ஆயிரக்கணக்கான தொழிலாளரையும் அலைக்கழித்தன. அவர் கையில் கணினி இல்லை. தாளும் அளவுக் கருவியும் சுண்ணாம்பும் சுர்க்கியும்தான் இருந்தன. ஆயினும் பாறையில் உளி விழுவதற்கு முன்பே, நீர் எந்த மட்டத்தில் புறப்பட்டு எந்த மட்டத்தில் வந்து சேர வேண்டும் என்று கணக்கிட்டாக வேண்டியிருந்தது. மட்டம் தவறியிருந்தால் சுரங்கம் இருக்கும், தண்ணீர் வராது. கட்டுமுன் மனத்திலே கட்டிப் பார்த்த ஒரு காரியத்தின் பலனை நாம் ஒவ்வொரு போகத்திலும் அறுவடை செய்கிறோம். அந்த நீரைக் குடித்து வளர்ந்த நாம், அவருக்குக் கிட்டாத கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, பூசிய சுவரை இன்னும் கொத்திக் கொண்டிருக்கலாமா?

ஆகையால் உங்கள் அனைவரிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. வருகிற சனிக்கிழமை கூலி கொடுத்து முடித்ததும், எல்லோரையும் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். மேஸ்திரியை அழையுங்கள், கம்பி கட்டுகிறவரை அழையுங்கள், மின்சாரக்காரரையும் குழாய்க்காரரையும் அழையுங்கள், வீட்டுக்காரர் வந்தால் அவரையும் உட்கார வையுங்கள். அடுத்து வாணம் தோண்டப் போகும் ஒரே ஒரு வேலையை நடுவிலே வைத்து, எது எங்கே வரும், எதன்மேல் எது போகும் என்று ஒரு மணி நேரம் பேசுங்கள். பேசியதை எல்லோரும் பார்க்கும்படி ஓரிடத்தில் எழுதி வையுங்கள். அந்த ஓரிடம் முதலில் ஒரு பெரிய தாளாக இருந்தாலும் பாதகமில்லை. அடுத்த வேலையில் அது கணினியாகட்டும்.

கூடிப் பேசுவது முதல் படி. அந்தப் படியில் கால் வைக்க எந்த மென்பொருளும் வேண்டியதில்லை. இந்தச் சனிக்கிழமையே காலை வையுங்கள்.